படைப்புத் தொழிலுக்கான வணிகத்தை எங்கே கற்பது? ஐந்து வழிகளின் ஒப்பீடு

ஓவியம், இசை, அனிமேஷன், ஆடை வடிவமைப்பு, பதிப்பு, திரைப்படம், கணினி விளையாட்டு, கைவினை என ஏதேனும் ஒரு துறையில் கைதேர்ந்தவர் அதையே முழுநேரத் தொழிலாகவோ ஒரு நிறுவனமாகவோ ஆக்க முனையும்போது, வேலைத்திறன் மட்டும் போதாது என்பது முதல் சில வாடிக்கையாளர்களிடமே தெரிந்துவிடும். விலை சொல்ல வேண்டும். ஒப்பந்தத்தைப் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும். வரவேண்டிய பணம் எப்போது வரும், அதுவரை செலவை எப்படிச் சமாளிப்பது என்று முன்கூட்டியே கணக்கிட வேண்டும். இவற்றைக் கற்பதற்கு ஐந்து வழிகள் பரவலாக உள்ளன: பல்கலைக்கழகப் பட்டம், இணையவழிப் படிப்பு, புதுத் தொழில்களுக்கு இடமும் வழிகாட்டலும் தரும் இன்குபேட்டர் போன்ற கூட்டுப் பயிற்சித் திட்டம், ஏற்கெனவே நடக்கும் ஒரு ஸ்டுடியோவில் வேலை, சொந்தமாகச் சிறிய அளவில் இறங்கிப் பார்ப்பது. இவற்றில் எதற்கு எவ்வளவு காலத்தையும் பணத்தையும் கொடுக்கலாம் என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி.

பொதுவான வணிகப் படிப்பு ஒன்றைப் படித்துவிட்டு அதைப் படைப்புத் தொழிலுக்குப் பொருத்திக்கொள்ளக் கூடாதா என்று கேட்கலாம். ஓரளவு பொருந்தும், சில முக்கியமான இடங்களில் பொருந்தாது. பிரிட்டன் அரசு 1998இல் விளம்பரம், கட்டடக்கலை முதல் தொலைக்காட்சி, வானொலி வரை 13 துறைகளை ஒன்றுசேர்த்துப் படைப்புத் தொழில்கள் என வரையறுத்தபோது, அவற்றுக்குப் பொதுவாக அது கண்டது தனிமனிதரின் படைப்பாற்றலும் அறிவுசார் சொத்துரிமையும்தான். பொருளியல் அறிஞர் ரிச்சர்ட் கேவ்ஸ் 2000இல் இத்துறைகளின் ஒப்பந்தங்களை ஆராய்ந்தபோது முதன்மையாக வைத்த பண்பு, ஒரு படைப்பு ஓடுமா ஓடாதா என்பது வெளியாகும் முன் எவருக்கும் தெரியாது என்பதாகும். சோப்பையோ செருப்பையோ விற்பவர் செய்யும் சந்தை ஆய்வு, இன்னும் எழுதப்படாத ஒரு பாடலுக்கு அதே அளவு உதவாது. அதற்கும் முன்பே, 1966இல், பொருளியல் அறிஞர்கள் வில்லியம் பாமலும் வில்லியம் போவெனும் நிகழ்த்துகலைகளின் வேறொரு சிக்கலைக் காட்டியிருந்தனர்: நால்வர் வாசிக்கும் ஓர் இசைக்கோவையை வாசிக்க இருநூறு ஆண்டுகளுக்கு முன் எவ்வளவு நேரமும் எத்தனை பேரும் தேவைப்பட்டார்களோ, இன்றும் அவ்வளவே தேவை. தொழிற்சாலையில் உற்பத்தித்திறன் கூடக்கூட ஊதியம் உயர்கிறது. மேடையில் உற்பத்தித்திறன் கூடாமலேயே ஊதியச் செலவு மட்டும் உயர்கிறது. செலவைக் குறை, வேகத்தைக் கூட்டு என்கிற வழக்கமான வணிகப் பாடம் இங்கே பாதி வழியில் நின்றுவிடுகிறது.

ஆகவே வழிகளை ஒப்பிடும் முன், கற்க வேண்டியது எது என்பதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டியிருக்கிறது. படைப்புத் தொழிலில் ஒருவர் விற்பது மூன்றில் ஒன்றாக இருக்கும்: தன் நேரம், ஒரு படைப்பின் பிரதிகள் அல்லது அதைப் பயன்படுத்தும் உரிமை, அல்லது ஒரேயொரு பொருள். வாடிக்கையாளருக்காக லோகோ வரைபவர் நேரத்தை விற்கிறார். பாடலையோ விளையாட்டையோ வெளியிடுபவர் பிரதியையும் உரிமையையும் விற்கிறார். சிற்பி ஒரு பொருளை விற்கிறார். பெரும்பாலானவர்கள் இவற்றில் இரண்டைக் கலந்து செய்கிறார்கள், எதில் லாபம் வருகிறது, எதில் கையைக் கடிக்கிறது என்று பிரித்துப் பார்க்காமலேயே.

நேரத்தை விற்பவரின் முதல் தவறு விலையில் நிகழ்கிறது. ஆண்டுக்கு 52 வாரங்கள். விடுமுறைக்கும் உடல்நலக் குறைவுக்கும் 6 வாரங்களைக் கழித்தால் 46. வாரத்துக்கு 40 மணி நேரம் என்றால் 1,840 மணி நேரம் வேலைக்கு இருக்கிறது. தனக்கு ஓராண்டுக்குத் தேவைப்படும் வீட்டுச் செலவு, கருவிச் செலவு, வரி ஆகியவற்றைக் கூட்டி 1,840ஆல் வகுத்து, வந்ததை ஒரு மணி நேரத்துக்கான விலையாக வைப்பவர் ஏராளம். ஆனால் வாடிக்கையாளரைத் தேடுவது, பேசுவது, மதிப்பீடு அனுப்புவது, திருத்தங்களுக்குக் காத்திருப்பது, கணக்கு எழுதுவது, பாக்கியைக் கேட்டு நச்சரிப்பது ஆகியவற்றுக்கு யாரும் பணம் தருவதில்லை. இவை பாதி நேரத்தை விழுங்கினால், விற்கக்கூடியது 920 மணி நேரம் மட்டுமே. அப்போது விலை இரு மடங்காக வேண்டும். இந்த ஒரு வகுத்தல் கணக்கைத் தன் சொந்த எண்களைக் கொண்டு போட வைக்காத எந்தத் தொழில்முனைவுப் படிப்பும், மற்றவற்றை எவ்வளவு அழகாகச் சொன்னாலும், அடிப்படையை விட்டுவிட்டது என்றே கருதுகிறேன்.

உரிமையை விற்பவருக்கு ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. குழந்தைகளுக்கான படப் புத்தகம் ஒன்றுக்கு ஓவியம் வரைபவரிடம் பதிப்பகம் ஒப்பந்தம் தருகிறது. அதில், இப்போது அறியப்பட்டதும் இனி உருவாகப்போவதுமான எல்லா ஊடகங்களிலும், உலகம் முழுவதும், காலவரையின்றி எல்லா உரிமைகளும் பதிப்பகத்துக்கே என்று ஒரு வரி இருக்கிறது. 1886ஆம் ஆண்டின் பெர்ன் உடன்படிக்கையின்படி பதிப்புரிமை பொதுவாகப் படைப்பாளியின் ஆயுள்காலமும், அதன்பின் குறைந்தது 50 ஆண்டுகளும் நீடிக்கும்; அதைப் பெறப் பதிவு செய்திருக்க வேண்டிய தேவையும் இல்லை. ஆக, அந்த ஒரே வரியில் அவர் கொடுப்பது ஒரு புத்தகத்துக்கான படங்களை அல்ல. மொழிபெயர்ப்பு, அனிமேஷன், பொம்மை, சட்டை என அந்தக் கதாபாத்திரம் செல்லக்கூடிய எல்லாப் பாதைகளையும் பல பத்தாண்டுகளுக்கு எழுதிக் கொடுக்கிறார். அச்சுப் பதிப்புக்கு மட்டும், இந்த மொழிக்கு மட்டும், இத்தனை ஆண்டுகளுக்கு மட்டும் என்று வரம்பிட்ட உரிமமாக அதை மாற்றக் கேட்கலாம் என்பதும், பல பதிப்பகங்கள் அதற்கு இறங்கிவரும் என்பதும் தெரிந்தவர்களுக்கே தெரியும்.

யார் எதை விற்றாலும் வரும் மூன்றாவது சிக்கல், பணம் வரும் நேரம். ஓர் அனிமேஷன் குழுவுக்கு 10 பங்கு (ஒரு பங்கை எந்தத் தொகையாகவும் கொள்ளலாம்) மதிப்புள்ள வேலை கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்று மாத வேலை. மாதச் செலவு 2.5 பங்கு. மொத்தச் செலவு 7.5, லாபம் 2.5. காகிதத்தில் நல்ல வேலை. ஆனால் முன்பணம் 3 பங்கு. மீதி 7 பங்கு வேலையை ஒப்படைத்து 60 நாட்கள் கழித்துத்தான். முதல் மாத முடிவில் கையில் 0.5 இருக்கும்; இரண்டாம் மாத முடிவில் 2 பங்கு பற்றாக்குறை; ஒப்படைக்கும் நாளில் 4.5 பங்கு பற்றாக்குறை, இன்னும் இரண்டு மாதம் சம்பளம் கொடுக்க வேண்டும். லாபத்தில் இயங்கும் குழு கடனில் மூழ்குவது இப்படித்தான். முன்பணத்தை உயர்த்திக் கேட்பதும், கட்டம் கட்டமாகப் பணம் பெறும்படி ஒப்பந்தம் போடுவதும் இதற்கான எளிய மருந்துகள்.

விலை, உரிமை, பண ஓட்டம் ஆகிய இம்மூன்றையும் உங்கள் சொந்த வேலையின் எண்களையும் ஒப்பந்தங்களையும் மேசைமேல் வைத்துப் பார்க்கச் செய்கிறதா என்பதே ஒவ்வொரு வழிக்கும் நான் வைக்கும் அளவுகோல். சான்றிதழ், புகழ், வளாகம் எல்லாம் அதற்குப் பின்தான்.

பல்கலைக்கழகப் பட்டத்திலிருந்து தொடங்கலாம். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2001இல் படைப்புத் தொழில்களுக்கென்றே தனிப் புலம் அமைத்தது. லண்டனின் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரி படைப்பு, பண்பாட்டுத் தொழில்முனைவுக்கென்று முதுகலைப் பட்டம் நடத்துகிறது. இவ்வகைப் படிப்புகளின் பலம், துறையை மேலிருந்து பார்க்கும் பார்வை: அரசின் பண்பாட்டுக் கொள்கை, நிதியுதவிகளின் இயல்பு, பதிப்புரிமையின் வரலாறு, ஒரு தொழில் ஏன் இப்படி அமைந்தது என்ற கேள்வி. விழாக்களையும் அருங்காட்சியகங்களையும் அறக்கட்டளைகளையும் நிர்வகிக்கப் போகிறவருக்கும், கற்பிக்க விரும்புகிறவருக்கும், வேறொரு நாட்டில் தொடர்புகளை உருவாக்க நினைப்பவருக்கும் இது பொருத்தமான முதலீடு. தனியாக ஸ்டுடியோ தொடங்கப் போகிறவருக்கோ, ஓராண்டு அல்லது இரண்டாண்டு வருமான இழப்பையும் கட்டணத்தையும் கூட்டிப் பார்த்தால், அதே தொகை பல மாதங்களுக்கான தொழில் முதலாக இருந்திருக்கும் என்பது புலப்படும். கல்விக் கடனோடு வெளியே வருபவர், துணிந்து தொழில் தொடங்குவதற்குப் பதிலாக மாதச் சம்பள வேலையைத் தேடுவதும் இயல்பே. தொழில்முனைவுப் படிப்பின் கட்டணமே தொழில்முனைவுக்குத் தடையாவது சற்று வேடிக்கையானது. ஆயினும், இறுதியாண்டுத் திட்டமாக மாணவரின் சொந்த நிறுவனத்தையே ஏற்றுக்கொள்ளும் படிப்புகளும் உண்டு. சேரும் முன் கேட்க வேண்டிய கேள்வி அது ஒன்றுதான்.

இணையவழிப் படிப்புகள் இதற்கு நேர் எதிர்முனை. 2012இல் கோர்செரா, எட்எக்ஸ் ஆகிய இணையக் கல்வித் தளங்கள் தொடங்கியதிலிருந்து, நிதி மேலாண்மை, சந்தைப்படுத்தல், பதிப்புரிமை, இசை வணிகம் என எதையும் வீட்டிலிருந்தே, பெரும்பாலும் இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ கற்கலாம். உள்ளடக்கத்தில் குறையில்லை, முடிப்பதில்தான் குறை. ஹார்வர்டும் எம்ஐடியும் எட்எக்ஸில் நடத்திய படிப்புகளை ஆராய்ந்து 2019இல் வெளியான கட்டுரை ஒன்று, பதிவு செய்தவர்களில் ஏறத்தாழ 3 விழுக்காட்டினரே முடித்ததாகக் கண்டது. சான்றிதழுக்குப் பணம் கட்டியவர்களிடையே அது பாதியை நெருங்கியது. பணம் கட்டியதால் முடித்தார்களா, முடிக்கும் உறுதி இருந்ததால் பணம் கட்டினார்களா என்பது வேறு விவாதம். தெளிவான ஒரு குறையை நிரப்ப, எடுத்துக்காட்டாக ஒரு தொழிலின் சொத்தையும் கடனையும் காட்டும் இருப்புநிலைக் குறிப்பைப் படிக்கக் கற்க, இதைவிட மலிவான வழி இல்லை. ஆனால் என் அளவுகோலில் இது தோற்கிறது: காணொளி எவருடைய ஒப்பந்தத்தையும் வாசித்துப் பார்ப்பதில்லை. பயிற்சித் தாள்கள் இதைவிடச் சற்று மேல். பிரிட்டனின் நெஸ்டா அமைப்பு படைப்புத் தொழில்முனைவோருக்கென உருவாக்கிய பயிற்சித் தொகுப்பு, உங்கள் நோக்கம், வாடிக்கையாளர், செலவு, வருவாய் ஆகியவற்றை நீங்களே நிரப்பும் தாள்களாக அமைந்துள்ளது. தனியாக உட்கார்ந்து நிரப்புவதைவிட, இதே துறையில் உள்ள இரண்டு மூன்று பேர் சேர்ந்து நிரப்பி ஒருவர் தாளை மற்றவர் கேள்வி கேட்டால், கட்டணப் பட்டறைகள் பலவற்றுக்கு ஈடாகிவிடும்.

இன்குபேட்டர்களையும் ஆக்ஸிலரேட்டர்களையும் பலர் ஒன்றாகவே பேசுகிறார்கள்; இந்த முடிவில் அவற்றைப் பிரித்துப் பார்ப்பது அவசியம். நியூயார்க்கின் நியூ மியூசியம் 2014இல் தொடங்கிய நியூ இங்க், ஓர் அருங்காட்சியகம் நடத்தும் இன்குபேட்டர். கலை, வடிவமைப்பு, தொழில்நுட்பம் ஆகியவற்றில் இயங்குவோருக்கு வேலையிடமும் வழிகாட்டிகளும் சக படைப்பாளிகளின் கூட்டமும் கிடைக்கின்றன. அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தோடு இணைந்த இன்குபேட்டர், வடிவமைப்பை அடிப்படையாகக் கொண்ட தொழில்களைத் தாங்குகிறது. ஆக்ஸிலரேட்டர் வேறு இனம். 2005இல் அமெரிக்காவில் தொடங்கிய ஒய் காம்பினேட்டர் முன்மாதிரியாக, அவை நிறுவனத்தில் பங்கு பெற்றுக்கொண்டு முதலீடு தருகின்றன. ஒய் காம்பினேட்டரின் அடிப்படைப் பங்கு 7 விழுக்காடு. பங்கு எடுப்பவர் எதிர்பார்ப்பது, பல மடங்கு வளர்ந்து பின்னாளில் பெருந்தொகைக்கு விற்கக்கூடிய நிறுவனத்தை. ஆறு பேர் கொண்ட வடிவமைப்பு ஸ்டுடியோ பத்தாண்டுகள் கௌரவமாக நடந்து ஆறு குடும்பங்களைக் காப்பாற்றினால் அது நல்ல தொழில். அந்த முதலீட்டாளரின் கணக்கில் அது தோல்வி. கணினி விளையாட்டு, படைப்பாளிகளுக்கான மென்பொருள், இணையத் தளம் போன்றவற்றை உருவாக்குவோருக்கு ஆக்ஸிலரேட்டர் பொருந்தும். நேரத்தை விற்போருக்குப் பொருந்தாது. வளர்ச்சியே வேண்டும் என்று ஒரு குழுவே சூழ்ந்து வலியுறுத்தும்போது, சிறியதாக இருப்பதே சரி என்று நினைத்தவர்கள்கூட ஆட்களைச் சேர்த்து மாட்டிக்கொள்கிறார்கள். பங்கு கேட்காத இன்குபேட்டர் என்றால், என் அளவுகோலில் அது முன்வரிசையில் நிற்கிறது. அங்கே எண்களை மேசைமேல் வைக்காமல் இருக்க முடியாது.

நடக்கும் ஒரு ஸ்டுடியோவிலோ பதிப்பகத்திலோ தயாரிப்பு நிறுவனத்திலோ சில காலம் வேலை செய்வதை யாரும் தொழில்முனைவுக் கல்வி என்று விளம்பரம் செய்வதில்லை. எனினும் இதை நான் மற்ற பலவற்றுக்கு மேலாக மதிக்கிறேன். ஒரு மதிப்பீடு எப்படி எழுதப்படுகிறது, வாடிக்கையாளர் ஐந்தாவது முறை திருத்தம் கேட்கும்போது என்ன சொல்லி அனுப்புகிறார்கள், எந்த வேலையை வேண்டாம் என்கிறார்கள், பாக்கி வராதபோது யார் யாரிடம் பேசுகிறார்கள் என்பவை எந்தப் பாடத்திட்டத்திலும் முழுமையாக வருவதில்லை. கூடவே சம்பளமும் வருகிறது. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: படைப்பு வேலை செய்யும் மேசையில் மட்டும் அமர்ந்திருப்பவருக்கு இந்தக் கல்வி கிடைக்காது. வாடிக்கையாளர் சந்திப்புகளில் உடன் அமர்ந்து குறிப்பெடுப்பது, தயாரிப்பு மேலாளருக்கு உதவியாக இருப்பது, விலைப்பட்டியல் அனுப்பும் பொறுப்பை ஏற்பது போன்ற, பிறர் தட்டிக்கழிக்கும் வேலைகளைத் தானே கேட்டு வாங்க வேண்டும். பெரிய நிறுவனத்தைவிடப் பத்துப் பேருக்குள் இயங்கும் இடத்தில் இது எளிது. குறை என்னவென்றால், அந்த இடத்தின் கெட்ட பழக்கங்களும் ஒட்டிக்கொள்ளும்; முதலாளி குறைந்த விலை சொல்பவராக இருந்தால், அதுவே சந்தை விலை என்று மனத்தில் பதிந்துவிடும். வேலைக்குச் சேரும்போது கையெழுத்திடும் ஒப்பந்தத்தில், வேலை நேரத்துக்கு வெளியே செய்யும் படைப்புகளும் நிறுவனத்துக்குச் சொந்தம் என்ற வாசகம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இதனோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது தனி வழிகாட்டிகளைப் பற்றி. அமெரிக்காவில் 1964 முதல் இயங்கும் ஸ்கோர் அமைப்பில் அனுபவமுள்ள தொழில்முனைவோர் தன்னார்வலர்களாக இலவச ஆலோசனை தருகிறார்கள். நியூயார்க்கில் 1969இல் தொடங்கிய கலைகளுக்கான தன்னார்வ வழக்கறிஞர்கள் அமைப்பு, வசதி குறைந்த கலைஞர்களின் சட்டச் சிக்கல்களைக் கவனிக்கிறது. எந்த ஊரிலும் இதற்கு ஒத்த ஏற்பாடு இருக்கிறதா என்று விசாரிப்பது, ஒரு படிப்பில் சேர்வதற்கு முன் செய்ய வேண்டிய செலவில்லாத வேலை.

ஐந்தாவது வழி, சிறியதாக இறங்கிப் பார்ப்பது. இது துணிச்சலைவிட வரம்பைப் பற்றியது. தொழில்முனைவு ஆய்வாளர் சரஸ் சரஸ்வதி 27 தேர்ந்த தொழில்முனைவோர் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று ஆராய்ந்து 2001இல் வெளியிட்ட கருத்தின்படி, அவர்கள் எவ்வளவு லாபம் வரும் என்று கணிப்பதில் தொடங்குவதில்லை. கையில் என்ன இருக்கிறது, எவ்வளவு போனால் தாங்கும் என்பதில் தொடங்குகிறார்கள். எது ஓடும் என்று எவருக்கும் தெரியாத ஒரு துறைக்கு இதைவிடப் பொருத்தமான தொடக்கம் எனக்குத் தெரியவில்லை. ஆதரவாளர்களிடம் முன்கூட்டியே பணம் திரட்டும், 2009இல் தொடங்கிய கிக்ஸ்டார்ட்டர் போன்ற தளங்கள் இந்தச் சோதனைக்கு ஒரு வடிவம் தந்துள்ளன: அறிவித்த இலக்கை எட்டினால் மட்டுமே பணம், எட்டாவிட்டால் ஆதரவாளர்களிடமிருந்து எதுவும் வசூலிக்கப்படாது. ஒரு படக்கதைப் புத்தகத்தை அச்சிடும் முன்பே வாங்க ஆள் இருக்கிறார்களா என்று தெரிந்துகொள்ளலாம். இலக்கை வைக்கும்போது தளத்தின் 5 விழுக்காடு கட்டணம், பணப் பரிமாற்றக் கட்டணம், அஞ்சல் செலவு ஆகியவற்றைச் சேர்க்க மறந்தவர்கள், வெற்றி பெற்ற பின் நட்டப்பட்டிருக்கிறார்கள். அதுவும் ஒரு பாடமே. ஆனால் பாடத்தின் விலையை ஆதரவாளர்களும் சேர்ந்து கொடுக்க நேரும்.

இந்த வழிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வகையான வணிகத் திட்டத்தைக் கற்றுத்தருவதால், அதையும் ஒப்பிட்டுவிட வேண்டும். பட்டப்படிப்புகள் பெரும்பாலும் முப்பது, நாற்பது பக்க முழு வணிகத் திட்டத்தை எழுதச் சொல்கின்றன. வங்கிக் கடனோ அரசு நிதியுதவியோ கேட்பவருக்கு அது தேவை. மற்றவர்களுக்கு அதன் ஐந்தாண்டு வருவாய்க் கணிப்பு பெரும்பாலும் புனைகதை. இன்குபேட்டர்களில் ஒரே தாளில் அடங்கும் வணிக மாதிரி வரைவு வழக்கத்தில் உள்ளது. அலெக்ஸாண்டர் ஆஸ்டர்வால்டர் 2004இல் லோசான் பல்கலைக்கழகத்தில் அளித்த முனைவர் பட்ட ஆய்விலிருந்து உருவான அது, வாடிக்கையாளர், தரும் மதிப்பு, வருவாய், செலவு உள்ளிட்ட 9 கட்டங்களைக் கொண்டது. ஒரே பார்வையில் தொழிலைக் காட்டுவதால் குழுவுக்குள் பேசித் தீர்க்க நன்று. ஆனால் அதில் காலம் என்ற ஒன்று இல்லை. மேலே சொன்ன அனிமேஷன் குழுவின் மூன்றாம் மாதப் பற்றாக்குறை அந்த 9 கட்டங்களில் எதிலும் தெரியாது. பதிப்புரிமை யாரிடம் இருக்கிறது என்பதற்கும் தனிக் கட்டமில்லை; படைப்பாளி அதை வளங்கள் என்ற கட்டத்தில் தானே எழுதிக்கொள்ள வேண்டும். எனவே வரைவு ஒரு தாளிலும், பன்னிரண்டு மாதப் பண ஓட்ட அட்டவணை இன்னொரு தாளிலும், தான் வைத்திருக்கும் உரிமைகளின் பட்டியல் மூன்றாவது தாளிலும் என மூன்று பக்கங்களைப் பரிந்துரைப்பேன். முழுத் திட்டம் யாராவது கேட்கும்போது இவற்றிலிருந்து விரித்து எழுதிக்கொள்ளலாம்.

இனி யாருக்கு எது என்பது. கல்லூரியை இப்போதுதான் முடித்தவர், சிறிய ஸ்டுடியோ ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து, கணக்கியல் அடிப்படையை இணையத்தில் கற்பதே மேல். முதுகலைப் பட்டத்தை மூன்று நான்கு ஆண்டுகள் தள்ளிப்போடலாம், அப்போது என்ன கேட்க வேண்டும் என்றாவது தெரிந்திருக்கும். ஏற்கெனவே ஃப்ரீலான்ஸாக வேலை குவிந்தும் கையில் பணம் நிற்காதவருக்குப் படிப்பே தேவையில்லை. கடந்த ஓராண்டின் விலைப்பட்டியல்களோடு ஒரு நல்ல வழிகாட்டியிடம் இரண்டு மூன்று முறை அமர்ந்தால் போதும், பெரும்பாலும் சிக்கல் அந்த 920 மணி நேரக் கணக்கில்தான் இருக்கும். சொந்தக் கதாபாத்திரமோ விளையாட்டோ இசைத்தொகுப்போ கையில் வைத்திருக்கும் குழு, முதலில் உரிமை யாருக்கு எவ்வளவு என்று தங்களுக்குள் எழுத்தில் முடித்துக்கொண்டு, சிறு வெளியீடு ஒன்றைச் செய்து பார்த்து, அதன் எண்களோடு இன்குபேட்டருக்கு விண்ணப்பிக்க வேண்டும். நண்பர்கள்தானே என்று விட்டுவிட்டால், முதல் பெரிய ஒப்பந்தம் வரும் நாளில் அந்தப் பேச்சைத் தொடங்க நேரும். அதைவிட மோசமான நேரம் வேறில்லை. நடுத்தர வயதில் பாதுகாப்பான வேலையை விட்டு வர நினைப்பவர், வேலையில் இருந்தபடியே ஒரே ஒரு பொருளை விற்றுப் பார்த்து, எவ்வளவு போனால் தாங்கும் என்ற தொகையை முன்பே எழுதி வைத்துவிட்டு இறங்கலாம். அந்தத் தொகையை வீட்டில் உள்ளவர்களும் அறிந்திருக்க வேண்டும்.

எந்தப் பயிற்சித் திட்டத்தில் சேர்வதாக இருந்தாலும், பணம் கட்டும் முன் அதை நடத்துபவர்களிடம் கேட்டுப் பெற வேண்டியவை சில உண்டு. முந்தைய பயிற்சியாளர்கள் இருவரிடம் தனியாகப் பேச அனுமதி, கற்பிப்பவர்களில் இப்போதும் தொழில் நடத்துபவர்கள் யார் என்ற விவரம், பயிற்சியின்போது உருவாகும் படைப்புகளின் உரிமை யாருக்கு என்ற வாசகத்தின் நகல். மூன்றாவதைத் தரத் தயங்கும் திட்டத்தில், கட்டணமே இல்லாவிட்டாலும், சேர வேண்டியதில்லை.